அடித்த கைக்கு ஆயுதம் இல்லை

 



இன்று அமெரிக்க நாட்டுச் சட்டம் ஒன்றைப் பற்றிப் பேசப்போகிறேன். மிம்பரில் நின்று இதைப் பேச வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றலாம். நம் மஹல்லாவிலிருந்து நியூஜெர்ஸிக்கும் டெக்ஸாஸுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் பெண் கொடுத்திருக்கிறோம், இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். மாப்பிள்ளையின் சம்பளம் என்ன, விசா எந்த வகை, வீடு சொந்தமா வாடகையா என்று துருவித் துருவிக் கேட்கிறோம். அந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று எந்தத் தகப்பனாரும் கேட்டதாக நான் அறியவில்லை. அப்படியொரு கேள்வி நம் நினைவுக்கே வருவதில்லை. காரணம், நம் நாட்டில் துப்பாக்கி என்பது காவலர் கையிலோ, உரிமம் பெற்ற வெகு சிலரிடமோ இருப்பது. அங்கே அது கடையில் விலை கொடுத்து வாங்கும் பொருள். வேலை விசாவில் சென்றவர்களுக்குச் சில விதிவிலக்குகள் தவிர அந்நாட்டுச் சட்டம் துப்பாக்கியை அனுமதிப்பதில்லை. கிரீன் கார்டு கிடைத்துவிட்டால் அந்தத் தடை நீங்கிவிடுகிறது. குடிமகனாகிவிட்டால் கேட்கவே வேண்டாம். அது அவர்களது அரசியல் சாசனம் தந்த உரிமை.

துப்பாக்கி வைத்திருப்பது சரியா தவறா என்ற வழக்கு அந்த நாட்டாருடையது. அதில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. கணவன் மனைவிக்கிடையே கை ஓங்கும் பழக்கம் உள்ள வீட்டில் அந்த ஆயுதம் இருந்தால் என்ன நேர்கிறது என்பதுதான் நமக்குரிய கேள்வி. அங்குள்ள 11 நகரங்களில் கணவராலோ துணைவராலோ கொல்லப்பட்ட பெண்களைப் பற்றி நடத்திய ஆய்வு 2003-ஆம் ஆண்டு வெளியானது. அடிக்கும் ஆணுக்குத் துப்பாக்கி எட்டும் தூரத்தில் இருந்தால், அந்தப் பெண் கொல்லப்படும் அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடுகிறது என்று அந்த ஆய்வு கண்டது. கையால் அடித்தால் காயம் ஆறும்; கோபம் தணிந்தபின் வருத்தம் தெரிவிக்கவாவது எதிரே ஓர் உயிர் இருக்கும். விசையை அழுத்திவிட்டால் அந்த வாய்ப்பு இல்லை.

பெருமானார் (ஸல்) அவர்கள் ஆயுதம் பற்றிச் சொல்லித் தந்த ஒழுக்கங்களைப் பாருங்கள். பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்புகளோடு நடப்பவர் அவற்றின் முனைகளைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும், யாரையும் கீறிவிடக் கூடாது என்று ஏவினார்கள். உருவிய வாளைக் கைக்குக் கை கொடுப்பதைத் தடுத்தார்கள். தன் உடன்பிறந்த சகோதரனை நோக்கியேனும் இரும்பு ஆயுதத்தை நீட்டுபவனை, அதை அவன் விடும்வரை மலக்குகள் சபிக்கிறார்கள் என்று எச்சரித்தார்கள். விளையாட்டாக நீட்டினாலும் ஷைத்தான் அந்தக் கையை அசைத்துவிடக் கூடும் என்று காரணமும் கூறினார்கள். கொல்லும் எண்ணம் இல்லாதவனுக்கே இத்தனை கட்டுப்பாடு என்றால், தன் வீட்டாரை அடித்ததாக நீதிமன்றத்தில் நிரூபணமானவனைப் பற்றி என்ன சொல்வது?

அமெரிக்காவில் இதற்கான விடை தாமதமாகத்தான் வந்தது. 1968-ஆம் ஆண்டின் சட்டம் பெருங்குற்றங்களில் தண்டனை பெற்றவர்கள் துப்பாக்கி வைத்திருக்கத் தடை போட்டது. ஆனால் மனைவியை அடித்த வழக்குகளில் பெரும்பாலானவை அங்கே சிறு குற்றம் என்ற தலைப்பிலேயே முடிந்துவிடும். சாட்சி இல்லை, மனைவி வாக்குமூலத்தை மாற்றிக்கொண்டாள், வழக்கறிஞர்கள் பேசி முடித்தார்கள் என்று காரணங்கள் பல. இதன் விளைவைக் கவனியுங்கள். ஊரான் காரைத் திருடியவன் துப்பாக்கியை இழந்தான். மனைவியின் தாடையை உடைத்தவன் துப்பாக்கியோடு வீடு திரும்பினான்! 1994-இல் நீதிமன்றப் பாதுகாப்பு ஆணைக்கு உள்ளானவர்களுக்கு, அந்த ஆணை நடப்பில் உள்ளவரை தடை வந்தது. 1996 செப்டம்பரில், நியூஜெர்ஸியின் செனட்டர் ஃபிராங்க் லாட்டன்பெர்க் கொண்டுவந்த திருத்தம் சட்டமாயிற்று. குடும்ப வன்முறையில் சிறு குற்றமாகவேனும் தண்டனை பெற்றவர், ஆணாயினும் பெண்ணாயினும், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்றது அது. இந்தத் தண்டனைத் தடையில் காவல்துறையினருக்கும் ராணுவத்தினருக்கும்கூட விலக்கு இல்லை. தொழிலே ஆயுதம் ஏந்துவதாக இருந்தவர்கள் அந்தத் தொழிலையே இழக்க நேரிட்டது. எனக்கு இந்தச் சட்டத்தில் மிகப் பிடித்தது இந்த இடம்தான். சீருடை போட்டவன் அடித்தாலும் அடிபடுகிறவளுக்கு வலி ஒன்றுதானே!

சட்டம் போட்டால் போதுமா? 2017 நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை. டெக்ஸாஸ் மாநிலத்தின் சதர்லண்ட் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஒரு தேவாலயத்தில் மக்கள் வழிபாட்டில் இருந்தார்கள். முன்னாள் விமானப்படை வீரன் ஒருவன் துப்பாக்கியோடு வந்து சுட்டான். தாயின் வயிற்றில் இருந்த சிசுவையும் சேர்த்து 26 உயிர்கள் போயின. அவனுடைய மாமியார் வழக்கமாகச் செல்லும் தேவாலயம் அது. அவருக்கு அவன் மிரட்டல் அனுப்பியிருந்தான். அன்று அவர் அங்கே இல்லை. இறந்தவர்களில் அவன் மனைவியின் பாட்டியார் ஒருவர்.

இவன் யார் தெரியுமா? 2012-ஆம் ஆண்டிலேயே தன் முதல் மனைவியை அடித்ததற்காகவும், அவளுடைய கைக்குழந்தையின் மண்டை ஓடு விரிசல் காணும்படி தாக்கியதற்காகவும் ராணுவ நீதிமன்றம் தண்டித்தவன். ஓராண்டு சிறையில் இருந்தவன். சட்டப்படி அவன் ஒரு தோட்டாகூட வாங்க முடியாது. ஆனாலும் உரிமம் பெற்ற கடைகளிலேயே துப்பாக்கி வாங்கினான். கடைக்காரர் அரசின் கணினிப் பதிவேட்டில் சரிபார்த்தார். அங்கே அவன் பெயர் இல்லை. விமானப்படை அந்தத் தண்டனை விவரத்தைப் பதிவேட்டுக்கு அனுப்பவே இல்லை! ஒருமுறை அல்ல, அனுப்பியிருக்க வேண்டிய பல சந்தர்ப்பங்களில் அனுப்பவில்லை என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது. 2021-இல் ஒரு நீதிபதி, அந்தப் படுகொலைக்கு 60 சதவீதப் பொறுப்பு அரசுக்கே என்று தீர்ப்பளித்தார். சுட்டவனைவிடப் பதிவை அனுப்பாதவர்களின் பங்கு கூடுதல் என்றார்! 2023-இல் அரசு 14 கோடியே 45 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. தொகை யாருக்கு வேண்டும்? போன உயிர் வருமா?

அல்லாஹ்வின் நல்லடியார்களே! இந்தச் செய்தியைப் படித்தபோது, நாங்கள் மத்ரஸாவில் ஓதிய ஒரு ஹதீஸ் என் நினைவுக்கு வந்தது. முஸ்லிம் கிரந்தத்தில் பதிவான ஹதீஸ் அது. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) என்ற ஸஹாபிப் பெண்மணி தலாக் விடப்பட்டு இத்தா முடிந்தபின், முஆவியா (ரலி) அவர்களும் அபூஜஹ்ம் (ரலி) அவர்களும் பெண் கேட்டு அனுப்பினார்கள். அவர் நபிகளாரிடம் வந்து ஆலோசனை கேட்டார். முஆவியாவிடம் பொருள் வசதி இல்லை என்று சொன்ன அண்ணலார், அபூஜஹ்மைப் பற்றிச் சொல்லும்போது, அவர் தோளிலிருந்து கைத்தடியை இறக்காதவர் என்ற கருத்தில் கூறினார்கள். அதிகம் பயணம் செல்பவர் என்று இதற்குச் சிலர் பொருள் கொண்டார்கள். பெண்களை மிகுதியாக அடிப்பவர் என்று வேறோர் அறிவிப்பில் வெளிப்படையாகவே வந்திருப்பதால் அதுவே சரியான பொருள் என்பது இமாம் நவவி (ரஹ்) அவர்களின் விளக்கம். பிறகு உஸாமா (ரலி) அவர்களை மணந்துகொள்ளுமாறு நபிகளார் வழிகாட்டினார்கள்.

எத்தனை நுணுக்கமான செய்தி இது! அபூஜஹ்ம் ஒரு ஸஹாபி. அவரது சிறப்பில் நமக்குச் சந்தேகம் இல்லை. என்றாலும், ஒரு பெண்ணின் உடலும் உயிரும் சம்பந்தப்பட்ட இடத்தில், அவரைப் பற்றித் தெரிந்த உண்மையை அல்லாஹ்வின் தூதர் மறைக்கவில்லை. "அவர் நல்லவர்தாம், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று மழுப்பவில்லை. புறம் பேசுவது ஆகுமாகும் இடங்களை இமாம்கள் எழுதும்போது இந்த ஹதீஸை ஆதாரமாக வைப்பது இதனால்தான். அபாயத்தை அறிந்தவன் அறியாதவனுக்குச் சொல்வது கீபத் அல்ல; கடமை. விமானப்படை அலுவலகத்தில் எழுத்தர்கள் செய்யத் தவறியதும், நம் மஹல்லாவில் மாப்பிள்ளை விசாரிக்க வருகிறவரிடம் நாம் வாய் மூடி இருப்பதும் ஒரே குற்றத்தின் இரு வடிவங்கள். முதல் மனைவியை அவன் ஏன் விட்டான் என்பது தெருவுக்கே தெரிந்திருக்கும். "நமக்கேன் வம்பு, நல்ல காரியத்தைக் கெடுப்பானேன்" என்று இருந்துவிடுகிறோம்.

இனி, எதிர்வாதத்துக்கு வருவோம். உரிமையைப் பறிக்கலாமா என்கிறார்கள். சிறு குற்றத்துக்காக அரசியல் சாசனம் தந்த ஓர் உரிமை காலமெல்லாம் போய்விடுமா என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றத்திலேயே கேட்டார் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். விசாரணையின்போது பத்தாண்டுகளாக ஒரு கேள்விகூடக் கேட்காமல் மௌனமாக அமர்ந்திருந்த அவர், 2016 பிப்ரவரியில் வாய் திறந்தது இந்தச் சட்டத்தைப் பற்றிய வழக்கில்தான்! கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. வழக்கறிஞரின் துணையோடு விசாரிக்கப்பட்டு, அல்லது அந்தத் துணை வேண்டாம் என்று தாமே அறிந்து சொல்லி, நீதிமன்றம் தண்டித்தவருக்கே அந்தத் தடை. வெறும் குற்றச்சாட்டின் பேரில் அல்ல. தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள் என்று சூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் ஏவுகிறான். அந்த விசாரணை நடந்த பிறகே இந்தத் தடை வருகிறது.

நம் ஃபிக்ஹிலும் இதற்கு நெருக்கமான ஒரு பாடம் உண்டு. 'ஹஜ்ர்' என்று பெயர். ஒருவரது நடவடிக்கைகளுக்குத் தடை விதிப்பது. தம் பொருளையே கையாளத் தெரியாத பேதையரிடம் அதை ஒப்படைக்காதீர்கள் என்று சூரத்துன் நிஸாவில் இறைவன் கூறுகிறான். பருவமடைந்த சுதந்திர மனிதனுக்குத் தடை விதிப்பதில் மிகவும் தயங்கியவர்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள். அந்த இமாமவர்களே மூன்று பேரைத் தடுத்துவைக்கலாம் என்றார்கள்: மார்க்கத்தை விளையாட்டாக்கும் முஃப்தி, மருத்துவம் அறியாத வைத்தியன், கையில் ஏதுமில்லாமல் வாகனம் வாடகைக்குத் தருவதாகப் பணம் வாங்குகிறவன். முதலாமவன் மக்களின் மார்க்கத்தையும், அடுத்தவன் உடலையும், மற்றவன் பொருளையும் அழிக்கிறான். வைத்தியன் கையிலிருந்து கத்தியை வாங்கலாம் என்றால், மனைவியின் மண்டையை உடைத்தவன் கையிலிருந்து துப்பாக்கியை வாங்குவதில் என்ன ஆட்சேபம்? குழப்பக் காலத்தில் ஆயுதம் விற்பதையும், குழப்பக்காரன் என்று தெரிந்தவனுக்கு விற்பதையும் நம் இமாம்கள் வெறுத்திருக்கிறார்கள். தெரியாதவனுக்கு விற்றால் குற்றமில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். விற்பவனுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தானே பதிவேடு!

தவ்பா செய்தவனுக்கும் தடையா என்று கேட்கலாம். அவதூறு சொன்னவனின் சாட்சியம் பற்றி நம் மத்ஹபுகளில் இதே கேள்வி எழுந்திருக்கிறது. தவ்பா செய்தாலும் அவன் சாட்சியம் ஏற்கப்படாது என்பது ஹனஃபி மத்ஹப். ஏற்கப்படும் என்பது ஷாஃபிஈ மத்ஹப். அல்லாஹ் மன்னிப்பது வேறு, மக்கள் மீண்டும் நம்பி ஒப்படைப்பது வேறு என்பது முன்னவர்களின் பார்வை. அமெரிக்கச் சட்டத்திலும் இரண்டும் இருப்பது வியப்பு. மனைவியை அடித்தவருக்கு ஆயுள் முழுதும் தடை. மன்னிப்போ, தண்டனை நீக்கமோ கிடைத்தால் விலகலாம். மணமாகாமல் பழகியவர்களை 1996-இன் சட்டம் விட்டுவிட்டிருந்தது. 2022 ஜூனில்தான் அவர்களும் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஒருமுறை மட்டும் தண்டனை பெற்று, ஐந்தாண்டுகள் வேறு வன்முறை செய்யாதிருந்தால் தடை நீங்கும். என்னைக் கேட்டால், உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் ஹனஃபிகளின் பேணுதலே மேல் என்பேன்.

2024 ஜூன் 21 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன். டெக்ஸாஸில் ஒருவர், 2019-இல் வாகன நிறுத்துமிடத்தில் தம் தோழியைத் தாக்கினார்; துப்பாக்கியால் சுட்டார்; வெளியே சொன்னால் உன்னைச் சுடுவேன் என்று மிரட்டினார். 2020-இல் நீதிமன்றம் பாதுகாப்பு ஆணை பிறப்பித்தது. அதன் பிறகும் அவர் வீட்டில் துப்பாக்கிகள் கிடைத்தன. அந்த ஆணையின் பிரதியும் அங்கேயே கிடைத்தது. முன்னோர் காலத்தில் இப்படியொரு சட்டம் இருந்ததா என்று பார்த்து, இல்லை எனக் கூறி ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-இல் தடையை ரத்து செய்தது. பெண்களுக்கு வாக்குரிமைகூட இல்லாத காலத்தில் அவர்களைக் காக்கும் சட்டத்தைத் தேடினால் எங்கே கிடைக்கும்? உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தடையை நிலைநிறுத்தியது. பிறர் உயிருக்கு அபாயமானவர் என்று நீதிமன்றம் கண்ட ஒருவரிடமிருந்து தற்காலிகமாக ஆயுதத்தை விலக்கி வைக்கலாம் என்று தலைமை நீதிபதி எழுதினார். அந்த ஒருவர் நீதிபதி தாமஸ்தான். வழக்கின் பெயரில் உள்ள மனிதர் ரஹீமி. பெயரைக் கேட்டதும் "நம்மவரா?" என்று சிலர் கேட்பீர்கள். அந்தக் கேள்வியே வேண்டாம். தம் அருமை மகள் ஃபாத்திமாவே திருடியிருந்தாலும் தண்டனை நிறைவேறியிருக்கும் என்று சொன்ன நபியின் உம்மத்து நாம்.

தாய்மார்களே! தகப்பன்மார்களே! இத்தனை சட்டமும் எங்கே தொடங்குகிறது தெரியுமா? அடிபட்டவள் வாய் திறப்பதில் தொடங்குகிறது. புகார் இல்லையென்றால் வழக்கு இல்லை. வழக்கு இல்லையென்றால் தண்டனை இல்லை. தண்டனை இல்லையென்றால் பதிவேட்டில் பெயர் இல்லை. துப்பாக்கி அலமாரியில் அப்படியே இருக்கும். அழுதுகொண்டே தொலைபேசியில் அழைக்கும் மகளிடம் நாம் என்ன சொல்கிறோம்? "பொறுத்துக்கொள்ளம்மா. போலீசுக்குப் போனால் மாப்பிள்ளையின் விசா போய்விடும், நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள், குடும்ப மானம் என்னாவது" என்கிறோம். குடிமகனாகாத ஒருவர் குடும்ப வன்முறையில் தண்டிக்கப்பட்டால் நாடு கடத்தப்படலாம் என்பது உண்மைதான். அவளுடைய மையித்து விமானத்தில் வருவதைவிட அவன் விமானத்தில் வருவது மோசமா? உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமானாலும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்று சூரத்துன் நிஸாவில் ரப்புல் ஆலமீன் கட்டளையிடுகிறான். மருமகன் அந்த உறவினரில் அடக்கம்.

அநியாயம் இழைக்கும் சகோதரனுக்கும் உதவுங்கள் என்றார்கள் நாயகம் (ஸல்). அது எப்படி என்று தோழர்கள் கேட்டபோது, அநியாயத்திலிருந்து அவனைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விளக்கினார்கள். கோபக்காரனின் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி வைப்பவன், அவனைக் கொலைகாரனாகாமல் காக்கிறான்.

அங்கே இருக்கும் உறவினர்கள் அறிந்திருக்க வேண்டிய சில விவரங்கள் உள்ளன. உடனடி ஆபத்தென்றால் 911. ஆலோசனைக்கு 1996 முதல் இயங்கும் தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233. கணவர் குடிமகனாகவோ கிரீன் கார்டு உடையவராகவோ இருந்தால், அடிபட்ட மனைவி அவர் தயவின்றித் தாமே குடியுரிமைத் துறையில் மனுச் செய்யச் சட்டம் இடமளிக்கிறது. குற்றத்துக்கு ஆளாகி விசாரணைக்கு உதவுபவருக்கு 'யூ' விசா என்ற தனி ஏற்பாடும் உண்டு. பாதுகாப்பு ஆணையில் கவனம் தேவை. கணவரை விசாரிக்காமல் அவசரமாகத் தரும் தற்காலிக ஆணைக்கு மத்தியச் சட்டத்தின் துப்பாக்கித் தடை பொருந்தாது; அவருக்கு அறிவிப்புக் கொடுத்து விசாரித்துத் தரும் ஆணைக்கே பொருந்தும். பெண் வீட்டை விட்டு வெளியேறும் அந்த நாள்கள்தாம் மிகவும் அபாயமானவை. எனவே அந்த இடைவெளியில் அவள் எங்கே தங்குவாள் என்பதை முன்னரே முடிவு செய்ய வேண்டும். துப்பாக்கியை எப்படி, யாரிடம் ஒப்படைப்பது என்பதையும் மத்தியச் சட்டம் சொல்லவில்லை. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களே அதற்குத் தனி முறை வைத்திருக்கின்றன. ஆகவே, வீட்டில் ஆயுதம் இருக்கிறது, அதை ஒப்படைக்க உத்தரவிடுங்கள் என்று நீதிபதியிடம் வாய் திறந்து கேட்க வேண்டும்.

இவற்றை ஒரு தாளில் எழுதிப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் மகளோ சகோதரியோ இருப்பவர்கள் தொழுகைக்குப் பின் மோதினாரிடம் பெற்றுக்கொள்ளுங்கள். தனியே பேச விரும்புபவர்கள் அஸருக்குப் பிறகு என் அறைக்கு வரலாம். தாயார் உடன் வந்தால் இன்னும் நல்லது.